ஒழுகிய ப்யூரெட்

அவள் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "நீ பாத்தியா?" கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் யாராலும் தாங்க முடியாது.

பதினொன்றாம் வகுப்பில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த புதிதில், மழைக்காக மறுநாள் விடுமுறை என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் வந்தது. வகுப்பே குதித்தது. அவள் மட்டும் என்னிடம் திரும்பி, கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பை நீ பாத்தியா என்றாள். இல்லை, எல்லாரும் சொல்கிறார்கள் என்றேன். "அப்ப நாளைக்கு வந்துடு" என்றாள். மறுநாள் விடுமுறைதான். அவள் மட்டும் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிவரை வந்து, கேட் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. வேலை முடிந்த திருப்திதான் இருந்தது.

உயரமாக, ஒல்லியாக இருப்பாள். தலைத்துணியின் ஊசி எப்போதும் இடது காதுக்குக் கீழே ஒரே இடத்தில் இருக்கும். எதையும் குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். கேன்டீனில் டீ வாங்கினால், டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, முகவாய் மேஜையைத் தொடும்படி குனிந்து, எவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். குறை சொல்லமாட்டாள். பார்த்துவிட்டுக் குடிப்பாள். டீ மாஸ்டருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கும் என்று இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளி என்றில்லை, ஊரில் பல பள்ளிகளில் அப்படித்தான். ஒரு சிறு தட்டில் உப்பு ஒன்றைக் கொடுத்து, அது என்னவென்று படிப்படியாகச் சோதித்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நாங்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். நீலமாக இருந்தால் காப்பர் சல்ஃபேட். முட்டை அழுகிய வாடை அடித்தால் சல்ஃபைடு. பிறகு சோதனைக் குழாய்களைச் சும்மா கழுவி வைத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்த வரிகளை வரிசையாக எழுதுவோம். வாயு வெளிவரவில்லை, வீழ்படிவு தோன்றவில்லை, தோன்றியது. எதையும் செய்திருக்க மாட்டோம். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ்ஸும் நினைக்கவில்லை.

டைட்ரேஷனில் இன்னும் எளிது. ப்யூரெட் என்பது அளவுக்கோடுகள் போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் திறந்து மூட ஒரு திருகு இருக்கும். அதிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கீழே குடுவையில் இருக்கும் அமிலத்தில் விடவேண்டும். குடுவை லேசான ரோஸ் நிறத்துக்கு மாறும் கணத்தில் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று குறிக்க வேண்டும். இரண்டு முறையாவது ஒரே அளவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி. நாங்கள் ஒருமுறை செய்வோம். இரண்டாவது வரியிலும் மூன்றாவது வரியிலும் அதே எண்ணை எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போவோம்.

அவள் வரமாட்டாள். மணி அடித்த பிறகும் ப்யூரெட்டுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருப்பாள். ஆய்வகத்தின் மூலையில் பிரெஞ்சில் பெயர் ஒட்டிய பழைய போத்தல்கள் அடுக்கிய ஒரு அலமாரி இருந்தது. அந்தப் போத்தல்களில் பெயரில் உள்ள பொருள்தான் இருக்கிறதா என்று மிஸ்ஸிடம் அவள் கேட்ட அன்று, அலமாரிக்குப் பூட்டு வந்தது.

பள்ளிக்கு இரண்டு பேர் என்று ஒரு வேதியியல் போட்டி அறிவிக்கப்பட்டபோது எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. இருவர் மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்ப்பார்கள். அதில் தேறினால் இருவரும் சேர்ந்து செய்யும் செய்முறைத் தேர்வு. புதுச்சேரியில் முதலாவதாக வரும் ஜோடிக்கு மும்பையில் முகாம்.

எழுத்துத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டோம். மூன்று கேள்விகளை அவள் தொடாமல் விட்டிருந்தாள். மூன்றும் எங்களுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. வீழ்படிவுகளின் நிறம் பற்றிய கேள்விகள்.

"அதான் தெரியுமில்லடி, எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"தெரியாது. படிச்சிருக்கேன்" என்றாள்.

நான் அன்று அவளோடு பஸ் ஏறவில்லை. என் மதிப்பெண்ணின் தயவில் நூலிழையில் தேறினோம். மிஸ் எங்கள் இருவருக்கும் சாக்லேட் கொடுத்தார். அவள் சாக்லேட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பிரித்தாள்.

அவளுடைய அப்பாவுக்குப் பெரிய மசூதிக்குப் பக்கத்துத் தெருவில் இரும்புக் கடை. ஆணி, குழாய், பெயின்ட், பூட்டு எல்லாம் இருக்கும். கடைக்கு மேலே வீடு. ஒரே மகள். அவர் பேச்சு கறார், ஆனால் கடுமை கிடையாது. நான் முதல்முறை போனபோது, வாங்கிய குழாய் ஒழுகுகிறது என்று ஒருவர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: "பிளம்பர் பாத்தாரா?" பார்த்தார் என்றதும், பிளம்பருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் புதுக் குழாய் எடுத்துக் கொடுத்தார். அது அந்தக் கடையின் முறை. வாங்கியவர் சொன்னால் போதாது. கூட இன்னொரு ஆள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் சரக்கு பழுது, பேரம் செல்லாது.

அன்றைக்குத்தான் மகளோடு அவர் செய்துகொண்ட பேரமும் எனக்குத் தெரியவந்தது. அவளுக்குச் சென்னையில் வேதியியல் படிக்க ஆசை. அவருக்கு அவள் உள்ளூரில் பி.காம். படித்துக் கடைக்கு வரவேண்டும். இருவரும் பல மாதம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் என் எதிரிலேயே அவர் முடிவாகச் சொன்னார்.

"இந்தப் போட்டியில மும்பை வரைக்கும் போயிட்டன்னா, மெட்ராஸ்ல கெமிஸ்ட்ரி படி. நானே கொண்டுபோயி விடறேன். போவலன்னா பி.காம். அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது. சரியா?"

"சரி அத்தா."

எனக்கு மும்பை என்றால் ரயிலும் அந்தப் பக்கத்துக் கடலும் ஒரு சான்றிதழும். அவளுக்கு அதற்குப் பிந்திய வாழ்க்கை முழுவதும் அதில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவள் பின்னால் செய்ததையெல்லாம் செய்தாள் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது. மிஸ் எங்களுக்குப் பழைய வினாத்தாள்களும் சில வீடியோக்களும் அனுப்பினார். நான் வீடியோக்களை இரண்டு முறை பார்த்தேன். அவள் ஒருமுறை பார்த்துவிட்டு, அதில் வந்த நிறம் போனில் தெரிந்த நிறம்தானே, உண்மையில் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும் என்றாள். சனிக்கிழமைகளில் ஆய்வகம் திறக்கமாட்டார்கள் என்றதும், மருந்துக் கடையில் ஒரு டிரிப் செட் வாங்கிவந்தாள். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அந்தக் குழாய். அதைத் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மேல்முனையில் பெரிய ஊசிக் குழல் ஒன்றைப் பொருத்தி, அதுதான் ப்யூரெட் என்றாள். வினிகரும் சலவைச் சோடாவும் வைத்துக்கொண்டு நாள் பூராவும் சொட்டுவிட்டோம். அடுத்தடுத்து இரண்டு எண் ஒன்றுபோல வரும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். அவளுடைய அம்மா டீயும் சமோசாவும் கொண்டுவரும்போதெல்லாம் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "இன்னுமா இந்த நோயாளி பொழைக்கல?" என்பார்.

உண்மையைச் சொல்வதானால், அந்த நான்கு வாரத்தில் என் கை நன்றாகவே பழகியது. ஆனால் அதற்கு நான் செலவழித்த பொறுமையில் இன்னொரு பாடமே படித்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம் வா என்றாள். மீன் வாங்கவா என்றேன். அமோனியாவை முகர்ந்து பார்க்க என்றாள். உப்புப் பரிசோதனையில் அமோனியா வந்தால் காரநெடி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பள்ளியில் இருந்த போத்தல் நாள்பட்டு நெடி போய்விட்டது. காரநெடி எப்படி இருக்கும் என்று தெரியாமல் அதை எப்படி எழுதுவது என்பது அவள் வாதம். துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்ட அமோனியாதான் பயன்படுத்துகிறார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். படித்ததால் அதையும் நம்பவில்லை. பார்க்க வேண்டும்.

ஏலம் உச்சத்தில் இருந்தது. கூடைகளுக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவில் துப்பட்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். அவள் எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. ஐஸ் ஃபேக்டரி வாசலில் பனியனோடு நின்றிருந்தவர் எங்கள் பள்ளிச் சீருடையைப் பார்த்தார். பள்ளி வேலை என்று நம்பவேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையிலும் சீருடையில் வரச் சொல்லியிருந்தாள்.

"இன்னா பாப்பா, இன்னா வோணும்?"

"அமோனியா வாசனை எப்படி இருக்கும்னு பாக்கணும் அண்ணா."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அது லீக் ஆனா நீ பாக்க மாட்ட, ஓடுவ. வூட்டுக்குப் போ" என்றார்.

அவள் அவரைக் கேட்டாள்: "நீங்க ஓடியிருக்கீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, ஓடியிருக்கேன் என்று சொல்லி, உள்ளே ஓரமாக ஒரு வால்வின் பக்கத்தில் நிற்கவிட்டார். லேசான ஒரு வீச்சுதான். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமிக்கொண்டே வெளியே வந்தேன். அவளும் அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனால் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இப்போ எழுதலாம் என்றாள். என் சீருடையிலிருந்து மீன் வாடை போக மூன்று சலவை ஆனது. தேர்வில் அமோனியா வரவே இல்லை.

செய்முறைத் தேர்வு ஊரின் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நடந்தது. ஒரு மேஜைக்கு ஒரு ஜோடி, ஒரு ப்யூரெட், ஒரு விடைத்தாள். தாளின் அடியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த கரைசலில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று டைட்ரேஷன் செய்து கண்டுபிடித்து, அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எங்களுக்கு இதைவிட எளிதான கேள்வி வந்திருக்க முடியாது. டிரிப் செட்டிலேயே ஆயிரம் முறை செய்தது. பிரித்துக்கொண்டோம். அவள் ப்யூரெட், நான் எழுத்து.

முதல் முறை ஒரு அளவு வந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் கூடுதலாக வந்தது. மூன்றாவது முறை இன்னும் கூடுதல். நான் கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டே, முதல் அளவையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.  அவள் ப்யூரெட்டின் திருகுக்கு முன்னால் குனிந்து நின்றாள். பிறகு ஒரு வடிதாளைக் கிழித்து, காரம் பட்டால் ரோஸாக மாறும் நிறங்காட்டியை அதில் ஒரு சொட்டு விட்டு, திருகின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தாள். "இங்க பாரு" என்றாள். இரு, எழுதிட்டிருக்கேன் என்றேன். மறுபடியும், "ஏய், ஒரு நிமிஷம் பாருடி" என்றாள். நான் கணக்கின் நடுவில் இருந்தேன். நிமிரவில்லை.

அவள் கையை உயர்த்தினாள். மேற்பார்வையாளர் வந்தார். ப்யூரெட் திருகின் பக்கத்தில் கசிகிறது, வெளியில் வழிவது குடுவையில் விழாமல் வீணாகிறது, அதனால் மெதுவாகச் செய்யச் செய்ய அளவு கூடுகிறது, வேறு ப்யூரெட் வேண்டும் என்றாள். அவர் நல்லவர்தான். வேறு இல்லை என்றார். எல்லாம் பழசுதாம்மா, எல்லாரும் இதிலதான் செய்யறாங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எழுதிடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். எங்களைச் சுற்றி எல்லா ஜோடிகளும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் முடியப் போகிறது. விடைத்தாளை அவளிடம் நகர்த்தினேன். அளவுகள் எழுதும் கட்டம் அவள் பொறுப்பு.

"முதல் ரீடிங்கையே ரெண்டாவதுலயும் போடு. சரியான விடைக்குப் பக்கத்துலதான் இருக்கும்."

"ரெண்டாவது தடவை அது வந்தத நீ பாத்தியா?"

"மும்பைடி" என்றேன். "உனக்கு மெட்ராஸ். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள்.

மூன்று வேறு வேறு எண்களை எழுதினாள். முடிவு எழுத வேண்டிய இடத்தில், ப்யூரெட் கசிவதால் முடிவு சொல்ல இயலவில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். அந்த நேரத்தில் அவளை அடித்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே முடிவு சொன்னார்கள். எழுத்துக் கேள்விகளில் எங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். முடிவு எழுதாததால் அந்தப் பகுதியில் பூஜ்யம். மும்பைக்கு வேறொரு பள்ளி ஜோடி போனது. அவர்களுடைய அளவுகள் இரண்டும் ஒன்றுபோல இருந்தன என்று நடுவர் பாராட்டினார். அவர்கள் ப்யூரெட் ஒழுகியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

மிஸ் எங்களிடம் பேசாமல் ஆட்டோ ஏறிப் போனார். நாங்கள் இருவரும் கடைக்கு நடந்தோம். அவளுடைய அப்பா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தட்டை இறக்கி வைத்தார்.

"இல்ல அத்தா" என்றாள்.

"ஏன்?"

"ப்யூரெட் ஒழுகிச்சு."

அவர் உடனே கடைக்காரராகிவிட்டார். "எங்க? வாயிலயா, திருகுலயா?"

"திருகுல."

"மாத்திக் கேட்டியா?"

"கேட்டேன். வேற இல்லன்னுட்டாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆணிகளைக் கையால் ஒதுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: "நீ பாத்தியாம்மா?"

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்தது. அவர் சும்மா கேட்கவில்லை. அவருக்கும் மகளை அனுப்ப மனம் வந்துவிட்டது. கதவைத் திறக்க ஒரு காரணம் தேடுகிறார். இன்னொரு ஆள் பார்த்திருந்தால் சரக்கு பழுது, பேரம் செல்லாது. சென்னைக்கும் அவளுக்கும் நடுவில் என் ஒரு சொல்தான் பாக்கி. அது ஒழுகியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மூன்று எண்களைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

"பாத்தேன் அங்கிள்" என்றேன்.

"இல்ல அத்தா" என்றாள் அவள். "அவ பாக்கல. நான் கூப்பிட்டேன். அவ எழுதிட்டிருந்தா."

 அவர் மகளைப் பார்த்தார். கோபம் இல்லை. பெருமூச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டார்.

"அப்ப பி.காம்."

"சரி அத்தா."

தட்டை மறுபடி ஏற்றி ஆணியை நிறுக்கத் தொடங்கினார். அந்தக் கடையில் ஆத்திரப்பட்டது நான் ஒருத்திதான். தெருமுனை வரை அவள் என்னைக் கொண்டுவந்து விட்டாள். உனக்காகத்தானடி சொன்னேன் என்றேன். தெரியும் என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா நீ பாக்கலையே" என்றாள். சமாதானம் சொல்கிற தொனியில்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

உள்ளூர்க் கல்லூரியிலேயே பி.காம். படித்தாள். மூஞ்சைத் தூக்கவில்லை. நான் பத்திரிகை வேலைக்குப் போய், வெளியூர்களில் சுற்றிவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் ஊர் திரும்பினேன். இப்போது கடை அவளுடையது. அப்பா பின்னால் நாற்காலியில் செய்தித்தாள் படிக்கிறார்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பூச ஏதாவது வாங்கலாம் என்று அங்கே போனேன். அலமாரியில் நாலைந்து கம்பெனி டப்பாக்கள் இருந்தன. ஒன்றைக் காட்டி, இது பூசினால் ஒழுகல் நிக்குமா என்றேன்.

"நிக்கும்னு டப்பால போட்டிருக்கு."

"நீ என்ன சொல்றே?"

அவள் என்னைக் கடைக்குப் பின்புறம் கூட்டிப்போனாள். திறந்த வெளியில் வரிசையாகச் செங்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாவின் பூச்சு. மேலே சுண்ணாம்புக் கட்டியால் பெயர். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு.

"இந்த மழை போவட்டும். பாத்துட்டு எதுன்னு சொல்றேன்."

"மழைக்குத்தான்டி வாங்க வந்திருக்கேன்."

"அதான் சொல்றேன், மழை போவட்டும்" என்றாள்.

நான் வேறு கடையில் வாங்கினேன். அங்கே இருந்தவன் பத்து வருஷம் கேரன்டி என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். போன வாரம் மழை பிடித்துக்கொண்டதும் ஹாலில் டிவிக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. அவளுக்குப் போன் செய்து, ஒழுகுது என்றேன். என்ன பூசினாய், எந்தக் கடை என்று எதுவும் கேட்கவில்லை. இரு வரேன் என்றாள்.

மழைக்கோட்டோடு வந்தாள். ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, கூரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் நின்றாள். கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு, மேலே மாடியில் போய்ப் பார்க்காமல் இங்கே என்ன செய்கிறாய் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அவள் இறங்கினாள். என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஏறு" என்றாள். "நீயும் பாத்துடு."

ஏறிப் பார்த்தேன். ஒழுகியது.